கிறித்தவ இசையில் புனித உணர்வு: தொல்காப்பியக் கருப்பொருள் கோட்பாட்டு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இசை கிறித்தவக் கேட்பாளருக்குப் புனிதமானதாகத் தோன்றக் காரணம் அதன் ஒலியமைப்பா, அதனோடு இணைந்த சொல்லா, கேட்கும் சூழலா என்னும் வினா திருச்சபை வரலாற்றில் பலமுறை எழுந்துள்ளது. இக்கட்டுரை அவ்வினாவைத் தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டின் துணையோடு அணுகுகிறது. மெட்டும் கருவியும் கருப்பொருள் நிலையின. அவை இடம் பெயர்ந்து, சென்று சேர்ந்த இடத்தின் பொருளை ஏற்கின்றன. ஐரோப்பியக் காதல் மெட்டொன்று பாடுகளின் பாடலானதும், தஞ்சையில் இராகம் கிறித்தவக் கீர்த்தனையானதும் இதற்குச் சான்றுகள். ஆயினும் பறை வழிபாட்டிற்குள் வந்தபோது எழுந்த தயக்கம், இவ்விடப்பெயர்ச்சி இயல்பாக மட்டும் நிகழ்வதன்று என்பதையும் அதனைச் சமூக அதிகாரம் நெறிப்படுத்துகிறது என்பதையும் காட்டுகிறது. புனித உணர்வு ஒலியில் உறைவதன்று, பழகிய செவியில் விளைவது என்பதும் அச்செவி சமூகத்தால் உருவாக்கப்படுவது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: கிறித்தவக் கீர்த்தனை, கருப்பொருள், மெய்ப்பாடு, ஞானப்பாட்டு, வேதநாயக சாஸ்திரியார், பறை, தியோபிலஸ் அப்பாவு.

முன்னுரை

கிறித்தவ சமயம் தொடக்கம் முதலே பாடலோடு வளர்ந்த சமயமாகும். இறுதி இராவுணவுக்குப் பின் இயேசுவும் சீடரும் பாடல் பாடிவிட்டு ஒலிவ மலைக்குச் சென்றதை மத்தேயு நற்செய்தி குறிப்பிடுகிறது. சிறையில் அடைக்கப்பட்ட பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடியதைத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. எனவே, பாட வேண்டுமா என்பதைவிட எதனைப் பாடுவது, எவ்வாறு பாடுவது என்பதே திருச்சபையின் நெடுங்கால வினாவாக இருந்து வந்துள்ளது. ஒவ்வொரு தலைமுறையிலும் ‘இது ஆலயத்துக்கு ஏற்ற இசையன்று’ என்னும் தீர்ப்பு ஒலித்திருக்கிறது. அவ்வாறு விலக்கப்பட்ட இசையே அடுத்த சில தலைமுறைகளில் ‘பழைய, பக்தி மிகுந்த இசை’ எனப் போற்றப்பட்டதும் உண்டு.

தமிழ்க் கிறித்தவச் சூழலில் இவ்வினா கூடுதல் கூர்மை பெறுகிறது. இங்கு ஜெர்மானிய மரபின் ஞானப்பாட்டு, ஆங்கில மரபின் பாமாலை, கருநாடக இசைவழிக் கீர்த்தனை, கத்தோலிக்கரின் இலத்தீன் பாடல் மரபு, ஒப்பாரிச் சாயல் கொண்ட வியாகுலப் பாடல், நாட்டுப்புற மெட்டு, மின்னிசைக் கருவிகளோடு கூடிய இக்கால எழுப்புதல் பாடல் எனப் பல இசை வகைகள் வழங்குகின்றன. இவற்றுள் ஒன்று ஒருவரைக் கண்ணீர் விடச் செய்கிறது. அதுவே அவருக்கு அருகில் அமர்ந்திருப்பவருக்குப் புறத்தே நிற்கும் ஓசையாகப் படுகிறது. இருவரும் ஒரே விசுவாசத்தினர். கேட்பதும் ஒரே பாடல். இவ்வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உருக்கமும் சமய உணர்வும்

இசை தரும் உருக்கமும் சமய உணர்வும் ஒன்றா என்னும் ஐயத்தை முதலில் தெளிவாக எழுப்பியவர்களுள் ஒருவர் புனித அகுஸ்தீனார். ‘ஒப்புதல்கள்’ நூலின் பத்தாம் பகுதியில், தாம் மனம் திரும்பிய தொடக்க நாள்களில் திருச்சபைப் பாடல்களைக் கேட்டு அழுததை அவர் நினைவுகூர்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை மிகுதியாக அசைக்கும்போது தாம் பிழை செய்வதாகவும் ஒப்புக்கொள்கிறார். அலெக்சாந்திரியாவில் ஆயர் அத்தனாசியு திருப்பாடலை ஏறத்தாழப் பேச்சைப் போலவே ஓதச் செய்தார் என்று தாம் கேள்வியுற்ற செய்தியையும் சுட்டுகிறார். இறுதியில், வலுவற்ற உள்ளங்களை இசை பக்திக்கு உயர்த்தும் என்பதால் அதனை ஏற்கும் பக்கம் சாய்கிறார். எனினும் அவருடைய தயக்கம் முழுவதும் நீங்கவில்லை. இனிமையால் உண்டாகும் நெகிழ்ச்சியை இறைவனால் உண்டாகும் நெகிழ்ச்சியாகச் செவி எளிதில் மயங்கிக் கொள்ளும் என்பதே அவர் கண்ட இடர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே சிக்கல் உளவியல், சமயவியல் ஆகிய துறைகளில் வேறு வடிவம் பெற்றது. 1902-இல் வெளியான தமது நூலில் வில்லியம் ஜேம்ஸ், சமய அச்சம், சமய அன்பு முதலியவை தனிவகை உணர்வுகள் அல்ல; மனிதரின் இயல்பான அச்சமும் அன்பும் சமயப் பொருளை நோக்கித் திரும்பிய நிலைகளே என்று கருதினார். ருடால்ஃப் ஓட்டோ 1917-இல் இதற்கு மாறாக, புனிதத்தின் முன் தோன்றும் நடுக்கமும் ஈர்ப்பும் வேறெந்த உணர்வாகவும் மாற்றிக் கூற முடியாத தனித்தன்மை உடையவை என வாதிட்டார். இசையைப் பற்றி எழுதுகையில் அவர் ஒரு நுட்பத்தையும் சுட்டுகிறார். புனிதத்தை நேராக வெளிப்படுத்தும் ஆற்றல் இசைக்கும் இல்லை. வழிபாட்டிசை மிக உயர்ந்த தருணத்தில் ஒலியைத் தணித்து அமைதியை நோக்கியே செல்கிறது என்பது அவர் கருத்து.

இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் இடையே தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பயன்மிக்கதொரு வழியைக் காட்டுகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டனுள் ‘சமய உணர்வு’ எனத் தனியே ஒன்று இல்லை. ஓட்டோ கூறும் நடுக்கம் அச்சத்தோடும், ஈர்ப்பு மருட்கையோடும் உவகையோடும் பொருந்துகின்றன. மனந்திரும்புதலின் கண்ணீர் அழுகையின்பாற்படும். மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் அவை தோன்றும் நிலைக்களன்களோடு சேர்த்தே கூறுவதால், உணர்வின் இயல்பை அறிய அது எதன்பொருட்டுத் தோன்றிற்று என்பதையும் அறிதல் வேண்டும் என்பது பெறப்படுகிறது. ஆகவே ஓர் இசை சமய உணர்வைத் தருகிறது என்று கூறும்போது, அது எந்த மெய்ப்பாட்டை எழுப்புகிறது என்பதோடு, அம்மெய்ப்பாடு எப்பொருளை நோக்கிச் செலுத்தப்படுகிறது என்பதையும் பிரித்தறிதல் இன்றியமையாததாகும்.

முதல், கரு, உரி: ஆய்வுச் சட்டகம்

தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வத்தோடும் உணவோடும் விலங்கோடும் மரத்தோடும் பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறது. இசை இங்கு நிலத்தையும் பொழுதையும் சார்ந்து நிற்கும் பொருளாகும். ஒலி தனக்குள்ளேயே நிலையான பொருளை உடையது என்னும் எண்ணத்துக்கு இவ்வைப்பு முறையில் இடமில்லை.

இச்சட்டகத்தைக் கிறித்தவ வழிபாட்டிசைக்குப் பின்வருமாறு பொருத்தலாம். ஆலயம், இல்லம், கல்லறை ஆகிய இடங்களும் தவக்காலம், பெரிய வெள்ளி, உயிர்த்தெழுந்த ஞாயிறு, வைகறை வழிபாடு ஆகிய பொழுதுகளும் முதற்பொருள். மெட்டு, இராகம், தாளம், கருவி, குரல் ஆகியன கருப்பொருள். பாவியாகிய தன்னை உணர்தல், மீட்பின் நம்பிக்கை, நன்றி, ஏக்கம் என இறைவனுக்கும் அடியாருக்கும் இடையே நிகழும் உறவு உரிப்பொருள். இம்மூன்றும் செய்யுளில் ஒன்றினொன்று சிறந்து வரும் என்றும், அவற்றுள் உரியே தலையாயது என்றும் உரையாசிரியர் கொள்வர்.

இங்கு இரு விதிகள் கருதத்தக்கவை. உரிப்பொருள் அல்லாதவை திணை மயங்கி வரலாம் என்பது ஒன்று. ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் வேறொரு நிலத்தில் தோன்றுமாயின், தாம் தோன்றிய அந்நிலத்தின் பயனையே தரும் என்பது மற்றொன்று. இசையும் கருப்பொருளுள் அடங்குவதால் இவ்விதியை மெட்டுக்கும் கருவிக்கும் விரித்துரைக்க இடமுண்டு. ஒரு மெட்டு எங்குப் பிறந்தது என்பதைவிட, எங்கு வந்து சேர்ந்தது என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கும் என்னும் கருதுகோள் இதிலிருந்து பிறக்கிறது. அக்கருதுகோள் எந்த அளவுக்கு நிற்கிறது என்பதைப் பின்வரும் சான்றுகள் காட்டும்.

மெட்டின் இடப்பெயர்ச்சி

ஜெர்மானிய இசையமைப்பாளர் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601-இல் காதற்பாடல் ஒன்றை வெளியிட்டார். ஒரு பெண்பால் கொண்ட காதலால் கலங்கும் மனமே அப்பாடலின் பொருள். சில ஆண்டுகளிலேயே அம்மெட்டுக்குச் சமயச் சொற்கள் பொருத்தப்பட்டன. முட்களால் முடிசூட்டப்பட்ட இயேசுவின் தலையை விளித்து, இடைக்கால இலத்தீன் பாடலொன்றைத் தழுவிப் பவுல் கெர்ஹார்ட் 1656-இல் இயற்றிய பாடல் அம்மெட்டிலேயே நிலைபெற்றது. யோகான் செபஸ்தியான் பாக், 1727-இல் அரங்கேறிய ‘புனித மத்தேயுவின் திருப்பாடுகள்’ இசைப்படைப்பில் அதனைப் பலமுறை எடுத்தாண்டார். தரங்கம்பாடி மிஷன் வழிவந்த ஞானப்பாட்டு மரபு அதனைத் தமிழுக்குக் கொணர்ந்தது. தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பாடுகளின் காலத்தில் ஒலிக்கும் அம்மெட்டைக் கேட்பவருக்குச் சிலுவைக் காட்சியன்றி வேறொன்றும் நினைவுக்கு வருவதில்லை.

இம்மெட்டின் சோகம் அதன் சுரங்களிலேயே உள்ளது என்று வாதிட இடமுண்டு. ஆயின் அதே பாக், 1734-35-இல் இசைக்கப்பட்ட ‘கிறிஸ்து பிறப்பு’ இசைப்படைப்பில் இதே மெட்டை முதற்பகுதியில் மீட்பரை வரவேற்கும் பாடலுக்கும், இறுதியில் எக்காளங்கள் முழங்கும் வெற்றிப் பாடலுக்கும் பயன்படுத்தினார். 1973-இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமன் தமது நாட்டின் சோர்வைப் பாடும் சமயச் சார்பற்ற பாடலுக்கு அதனைக் கையாண்டார். காதல், சிலுவைப்பாடு, பிறப்பு மகிழ்ச்சி, நாட்டு நிலை என நான்கு வேறு உரிப்பொருள்களுக்கும் ஒரே கரு இடந்தந்துள்ளது. வந்தடைந்த நிலத்தின் பயனைக் கருப்பொருள் தரும் என்னும் விதிக்கு இதனினும் தெளிவான இசைச்சான்று காண்டல் அரிது.

கருவியும் ஆலயத் தூய்மையும்

மெட்டைப் போலவே கருவியும் இடம் பெயர்ந்துள்ளது. இன்று மேலைத் திருச்சபையின் அடையாளமாகவே கருதப்படும் ஆர்கன், உரோமைப் பேரரசில் வீரர்கள் பொருதும் களங்களில் ஒலித்த கருவியாகும். பழைய திருச்சபைத் தந்தையர் பலர் வழிபாட்டில் கருவியிசையையே ஏற்கவில்லை. கீழை ஆர்த்தடாக்ஸ் மரபு இன்றும் பெரும்பாலும் குரலிசையோடு நிற்கிறது. சீர்திருத்தக் காலத்தில் கால்வினுடைய ஜெனீவாச் சபை கருவியின்றித் திருப்பாடல்களை மட்டுமே பாடியது. லூதர் வழிச் சபையோ இசையை இறையியலுக்கு அடுத்த கொடையாகப் போற்றியது. ஒரே விவிலியத்தை ஓதும் சபைகள் ‘தூய ஒலி’ எது என்பதில் இவ்வாறு எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தன.

கத்தோலிக்கத் திருச்சபையின் ஆவணங்களில் இம்மாற்றம் ஓரிரு தலைமுறைக்குள்ளேயே நிகழ்வதைக் காணலாம். 1903-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணை, திருவழிபாட்டிசைக்குப் புனிதம், வடிவ நேர்த்தி, பொதுமை ஆகிய மூன்றையும் இலக்கணமாக வகுத்தது. கிரகோரியப் பாடலை அதன் உயர்ந்த எடுத்துக்காட்டாக நிறுத்தியது. பியானோவையும், முழவு, தாளம் போன்ற ஓசைமிகு கருவிகளையும் ஆலயத்தில் தடை செய்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இயற்றிய திருவழிபாட்டுச் சட்டத்தொகுப்பு, கிரகோரியப் பாடலின் முதன்மையைப் பேணிக்கொண்டே, மறைபரப்பு நாடுகளில் மக்கள் தம் சமய, சமூக வாழ்வோடு ஒன்றிய இசை மரபுகளுக்கு உரிய மதிப்பும் இடமும் தருமாறு கூறியது.

தூய ஒலி குறித்த தீர்ப்பு ஒலியின் இயல்பை மட்டும் சார்ந்ததாயின், இத்தகைய மாற்றம் நிகழ்ந்திராது. மேலும் 1903-ஆம் ஆண்டு ஆணை விலக்கிய முழவு, தாளம் போன்ற கருவி வகைகள், கடவுளைப் புகழ அழைக்கும் 150-ஆம் திருப்பாடலில் இடம்பெற்றவையே. மறைநூலின் சொல்லைவிடச் செவியின் பழக்கமே இத்தீர்ப்புகளில் வலுவாகச் செயற்பட்டுள்ளது என்பது இதனால் புலனாகிறது.

தஞ்சையில் இராகமும் கீர்த்தனையும்

இச்சிக்கல் தமிழ் மண்ணில் வெளிப்பட்ட முதன்மைக் களம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தஞ்சையாகும். திருநெல்வேலியில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் அவர்களிடம் பயின்ற வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியுடன் கற்றவர். குறவஞ்சி என்னும் சிற்றிலக்கிய வகையை எடுத்துக்கொண்டு ‘பெத்லகேம் குறவஞ்சி’யை இயற்றினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில் இராக, தாளம் அமைந்த கீர்த்தனைகளைப் பாடினார். தியாகராசர் (1767–1847) வாழ்ந்த காலத்திலும் வட்டாரத்திலுமே இக்கிறித்தவக் கீர்த்தனைகள் பிறந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தஞ்சை மிஷனில் 1820களில் பொறுப்பேற்ற புதிய தலைமுறை மிஷனரிமார் சிலர்க்கு இவ்விசை உவப்பளிக்கவில்லை. கோயிலும் அரசவையும் வளர்த்த இசை வடிவம் கிறித்தவ வழிபாட்டுக்கு ஒவ்வாதது என அவர்தம் செவி கொண்டது. சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் இத்தடையை எதிர்த்தனர். காலம் செல்லச்செல்ல நிலைமை மாறியது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தொகுத்த கீர்த்தனை நூல் 1853-இல் வெளிவந்தது. சாஸ்திரியாரின் பாடல்கள் மிஷன் அச்சேறிச் சபைகளுக்குள் பரவின. ஒருகாலத்தில் புறச்சமய ஒலியாகக் கருதப்பட்ட வடிவம் இன்று தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் பழம்பெரும் செல்வமாகக் கருதப்படுகிறது. புதிய மெட்டுகளை மறுப்போர் மாதிரியாகக் காட்டுவதும் இக்கீர்த்தனைகளையே.

இதே காலத்தில் எதிர்த்திசைப் பெயர்ச்சியும் நிகழ்ந்தது. முத்துசாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கிலேயப் படையணி வாத்தியக் குழுவினர் இசைத்த மேலை மெட்டுகளுக்கு இந்துத் தெய்வங்களைப் போற்றும் வடமொழிச் சொற்களைப் பொருத்தி நோட்டுசுர சாகித்தியங்களை இயற்றினார். பிரித்தானிய அரசப் பண்ணின் மெட்டும் அவற்றுள் அடங்கும். ஐரோப்பிய வயலின் கருநாடக இசையின் நீங்காத பக்கக்கருவியாயிற்று. ஆகவே ‘இராகம் ஒரு சமயத்துக்குரியது, மேலைச் சுரவரிசை மற்றொரு சமயத்துக்குரியது’ என்னும் பகுப்பு, அப்பகுப்பு வலுவாகப் பேசப்பட்ட காலத்திலேயே நடைமுறையில் தளர்ந்திருந்தது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ இன்றைய இராகங்களின் வேரைப் பழந்தமிழ்ப் பண்களிலும் பாலைகளிலும் தேடியது. கிறித்தவராகிய பண்டிதர் இராகத்தைத் தமிழரின் பொதுச் செல்வமாக நிறுவ முனைந்தமை, கீர்த்தனைக்கு எதிரான பழைய ஐயத்துக்கு ஆராய்ச்சி நிலையில் அளித்த விடையாகவும் கொள்ளத்தக்கது.

கீர்த்தனை நூல்களில் பாடலின் தலைப்பில் இராகப் பெயர் அச்சிடப்பட்டிருப்பினும், சபையார் பலர் அதனை இராகமாக அறிவதில்லை. கமகங்கள் குறைந்து, கூட்டுக் குரலுக்கும் ஆர்மோனியத்துக்கும் ஏற்ப நேராக்கப்பட்ட மெட்டாகவே அது வழங்குகிறது. இசைவாணருக்கு ஒரு குறிப்பிட்ட இராகமாகப் படுவது, சபையாருக்குத் தாய் பாடிய பாட்டாக, அறுப்பின் பண்டிகைப் பாட்டாக, அடக்க ஆராதனைப் பாட்டாகப் படுகிறது. இராகத்தின் இலக்கணத்தை விடப் பாடிய பொழுதுகளின் நினைவே புனித உணர்வுக்கு நெருங்கிய காரணமாதலை இது காட்டுகிறது.

சொல்லும் கேட்பவர் நிறைவும்

சொல்லே புனித உணர்வைத் தருகிறது எனில், சமயக் குறிப்பு வெளிப்படையாக இல்லாத பாடல்களை எவ்வாறு கொள்வது? மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். ஆயினும் அவர் இயற்றிய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க வகையில் இறைவனைப் பொதுமையில் பாடுகின்றன. அவை இசை மேடைகளிலும் பாடப்பெற்றன. சைவர் அதில் சிவனையும் வைணவர் திருமாலையும் கிறித்தவர் தம் ஆண்டவரையும் காணத் தடையில்லை. சொல் திறந்து வைத்த இடத்தைக் கேட்பவரின் விசுவாசம் நிறைவு செய்கிறது. உரிப்பொருள் பாடலில் பாதியும் கேட்பவரிடம் பாதியுமாக அமைகிறது எனலாம்.

வைணவ மரபிலிருந்து கிறித்தவரான எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறார். 1894-இல் வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிக’த்தில் அவர் தேவாரம் என்னும் பெயரிலேயே இசைப்பாடல்களை அமைத்தார். பழைய பக்தி மரபில் பயின்ற செவிக்கு அவ்வடிவமே வழிபாட்டைக் குறித்தது. புதிய விசுவாசத்தைப் பாட வந்தவர் தம் செவி முன்பே அறிந்திருந்த பக்தி வடிவத்தையே நாடினார். சமயம் மாறியபோதும் செவி உடனடியாக மாறுவதில்லை என்பது இதன்வழிப் பெறப்படும் உண்மை.

இழவு வீட்டு இசையும் திருப்பாடுகளும்

இத்தகைய பெயர்ச்சியின் மற்றொரு செழுமையான களம் தவக்காலப் புலம்பல் மரபாகும். இலங்கையில் பணியாற்றிய கோவாவைச் சேர்ந்த குரு யாக்கோமே கொன்சால்வெஸ் (1676–1742) இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தமிழ்க் கத்தோலிக்கரிடையே தவக்காலத்தில் நீண்ட இராகத்தில் ஓதப்பட்டு வருகிறது. இறந்த மகனை மடியில் ஏந்திய தாயின் துயரம் தமிழ்ச் செவிக்கு ஒப்பாரியின் வழியாகவே நெருங்கி வருகிறது. இழவு வீட்டில் பெண்கள் பாடும் ஓசையின் சாயல், மரியாவின் துயரைப் பாடும்போது அழுகை என்னும் மெய்ப்பாட்டை உடனே எழுப்புகிறது. அம்மெய்ப்பாடு தன் வீட்டு இழப்பில் தொடங்கி, சிலுவையை நோக்கித் திரும்புகிறது.

அகுஸ்தீனாரின் ஐயத்துக்கு இங்கு ஒரு விடை கிடைக்கிறது. பாட்டின் உருக்கமும் பொருளின் உருக்கமும் எப்போதும் போட்டியிடுவன அல்ல. சொந்த வாழ்வில் அறிந்த துயரம் பாட்டில் கேட்கப்படும்போது, அது இறைவனின் துயரத்தை அறிவதற்கான வாயிலாகிறது. இயல்பான உணர்வு சமயப் பொருளை நோக்கித் திரும்புகிறது என்னும் ஜேம்ஸின் கருத்து, வியாகுலப் பாடலைக் கேட்கும் தாயொருத்தியின் கண்ணீரில் மெய்யாகிறது.

பறை: விதியும் விலக்கும்

இதுகாறும் கண்ட சான்றுகள் கருப்பொருள் எளிதில் இடம் பெயர்கிறது என்பதை உணர்த்தின. பறையின் வரலாறு இம்முடிபை மறுபரிசீலனை செய்ய வைக்கிறது.

சங்கச் சமூகத்தில் பறை ஒரே பொருள் உடையதன்று. திணைதோறும் வெவ்வேறு பறை வழங்கிற்று. ஒரு வீட்டில் சாவுக்குரிய நெய்தற்பறையும் மற்றொரு வீட்டில் மணத்துக்குரிய முழவும் ஒலிப்பதைப் பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றில் (194) அருகருகே வைத்துக் காட்டுகிறார். பிற்காலச் சாதிச் சமூகத்திலோ பறையடித்தல் குறிப்பிட்ட மக்கள்மீது சுமத்தப்பட்ட சாவுத் தொழிலாயிற்று. கருவியும் அதனை இசைத்தோரும் ஒருசேரத் தீட்டுக்குரியவராக்கப்பட்டனர். தமிழ்க் கிறித்தவருள் பெரும்பகுதியினர் இவ்வொடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்களாக இருந்தும், ஆலயத்துக்குள் ஆர்கனுக்கும் ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் கிடைத்த இடம் பறைக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இதனை வெளிப்படையாக எதிர்கொண்டார். ‘பறட்டை’ என்னும் பெயரால் அறியப்பட்ட அவர், நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டு முறையையே இசையமைத்தார்; பறை உள்ளிட்ட நாட்டுப்புறக் கருவிகளை வழிபாட்டுக்குரியனவாக்கினார். கருநாடக இசைக் கீர்த்தனை பயிற்சி பெற்றவரை நாடுவது; நாட்டுப்புறப் பாடலோ எவரும் பாடவும், தம் தேவைக்கேற்ப மாற்றவும் இடந்தருவது. ஆகவே ஒடுக்கப்பட்டோரின் இறையியலுக்கு ஏற்ற ஊடகம் அதுவே என்பது அவர் கொள்கை. அவர் பணியை விரிவாக ஆராய்ந்த ஜோயி ஷெரினியனின் நூல் 2014-இல் வெளிவந்துள்ளது.

பறை ஒலித்தபோது சிலர் செவியில் எழுந்தது பக்தியன்று, கூச்சம். ஆதிக்கச் சாதியினருக்கு அது தீட்டின் ஓசை. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தோர் சிலருக்கோ தாம் விட்டு விலக விழைந்த இழிவின் நினைவு. இவ்விரண்டாம் வகைத் தயக்கத்தை அறியாமை என ஒதுக்குதல் பொருந்தாது. காதற்பாடலின் மெட்டு ஆலயத்துக்குள் வந்தபோது தன் பழைய பொருளை வாயிலிலேயே விட்டு வந்தது. பறையால் அவ்வாறு விட்டு வர இயலவில்லை. ஏனெனில் பறையின் பழைய பொருள் ஒலியில் தங்கியதன்று. அதனை இசைத்தோர் உடலின்மீது சமூகம் எழுதிய பொருள் அது.

இங்கு வேதநாயக சாஸ்திரியாரின் நிலைப்பாட்டையும் இணைத்துக் காணுதல் வேண்டும். தமிழிசைக்கு ஆலயத்தில் இடம் கேட்டுப் போராடிய அவர், சபைக்குள் சாதி வேற்றுமையை நீக்க முயன்ற மிஷனரிமாரை எதிர்த்து 1829-இல் எழுதினார். இராகத்தின் உரிமைக்காக எழுந்த குரல் பறையை இசைத்தோரின் உரிமைக்கு எழவில்லை. மிஷனரிமாரோ சாதியை எதிர்த்தனர், தமிழிசையை ஐயுற்றனர். ‘எது புனித ஒலி’ என்னும் வினாவும் ‘யார் அருகில் யார் அமர்வது’ என்னும் வினாவும் தஞ்சைச் சபையில் ஒரே காலத்தில் எழுந்தமை தற்செயலன்று.

எனவே, வந்து சேர்ந்த நிலத்தின் பயனைக் கருப்பொருள் தரும் என்னும் விதிக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. செய்யுளில் அவ்விதியைப் புலனெறி வழக்கம் காக்கிறது. சபையில் அதனைக் காப்பதும் மறுப்பதும் சமூகமே. நிலம் ஏற்றுக்கொண்டால்தான் கரு அந்நிலத்தின் பயனைத் தரும். ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் எல்லாரிடமும் சமமாக இல்லை.

ஒலியின் பங்கு

இவ்வாறு கூறுவதால் ஒலிக்குப் பங்கே இல்லை என்றாகாது. மேற்கண்ட மரபுகள் அனைத்திலும் சில பொதுக்கூறுகள் உள்ளன. முதலாவது, மீள்வரவு. பல்லவி திரும்பத் திரும்ப வருதலும், ஞானப்பாட்டில் ஒரே மெட்டு அடிதோறும் தொடர்தலும், இக்கால எழுப்புதல் பாடலில் ஒரு தொடர் பலமுறை ஒலித்தலும் கேட்பவரை அடுத்து என்ன வரும் என்னும் எதிர்பார்ப்பிலிருந்து விடுவித்துப் பொருளில் நிலைக்கச் செய்கின்றன. இரண்டாவது, கூட்டுக் குரல். தன் குரலைத் தானே பிரித்துக் கேட்க இயலாத அளவுக்குச் சபையின் குரலில் கரைதல், ‘நான்’ என்பதிலிருந்து ‘நாம்’ என்பதற்கு நகரும் உடலனுபவமாகும். மூன்றாவது, அமைதி. கத்தோலிக்க மரபில் பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் வானவர் கீதத்தோடு ஓயும் மணியோசை, பாஸ்கா திருவிழிப்பில் அதே கீதத்தின்போது மீண்டும் எழும்வரை ஒலிப்பதில்லை. அவ்விடைவெளியே மீண்டெழும் மணியோசைக்கு உயிர்ப்பின் பொருளைத் தருகிறது. ஒலி தணிதலே புனிதத்தைச் சுட்டுகிறது என்னும் ஓட்டோவின் கருத்து இவ்வழிபாட்டு அமைப்போடு பொருந்துகிறது.

இக்கூறுகள் எந்த ஒரு பண்பாட்டுக்கும் தனியுரிமையுடையன அல்ல. கிரகோரியப் பாடலிலும் கீர்த்தனையிலும் பறையோடு கூடிய பாடலிலும் இவை அமையலாம். ஒலி புனித உணர்வுக்கு வாயிலைத் திறந்து வைக்கிறது. உள்ளே எதிர்ப்படுவது எது என்பதைச் சொல்லும் சூழலும் நினைவும் தீர்மானிக்கின்றன.

முடிவுரை

கிறித்தவக் கேட்பாளருக்கு இசை புனிதமாவது எவ்வாறு என்னும் வினாவுக்கு இக்கட்டுரைவழிப் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

1. சமய உணர்வு தனிவகை மெய்ப்பாடு என்பதைவிட, அச்சம், மருட்கை, அழுகை, உவகை முதலிய மெய்ப்பாடுகள் இறைவனை நோக்கித் திரும்பும் நிலை எனக் கொள்வதே இசைச் சான்றுகளோடு பொருந்துகிறது.

2. மெட்டு, இராகம், கருவி ஆகியன கருப்பொருள் நிலையின. அவை சமயம், நாடு, மொழி கடந்து பெயர்ந்து, சென்று சேர்ந்த வழிபாட்டின் பொருளை ஏற்றுள்ளன.

3. புனித உணர்வு பெரும்பாலும் செவிப்பழக்கத்தின் விளைவாகும். குறிப்பிட்ட பொழுதில், குறிப்பிட்ட மக்களோடு பாடிய நினைவு ஒலியில் படிந்து, பின்னர் அவ்வொலியின் இயல்பே போலத் தோன்றுகிறது.

4. செவிப்பழக்கம் நடுநிலையானதன்று. எவ்வொலி பழகுவதற்கு வாய்ப்பளிக்கப்பட்டது, எவ்வொலி வாயிலிலேயே நிறுத்தப்பட்டது என்பதைச் சாதியும் அதிகாரமும் வரையறுத்துள்ளன. பறையின் வரலாறு இதற்குச் சான்று.

5. மீள்வரவு, கூட்டுக் குரல், அமைதி ஆகிய ஒலிக்கூறுகள் புனித உணர்வுக்குத் துணை நிற்கின்றன; ஆயின் அவை எந்தவோர் இசை மரபுக்கும் மட்டும் உரியன அல்ல.

‘இது ஆலயத்துக்கு ஏற்ற இசையன்று’ என்று ஒரு சபை தீர்ப்பளிக்கும்போது, அத்தீர்ப்பு இசையைப் பற்றியதாகவே தோன்றினும், பல வேளைகளில் அது அச்சபையின் நினைவைப் பற்றியதாகவும் சில வேளைகளில் அச்சபை தன்னுள் யாரை ஏற்கத் தயங்குகிறது என்பதைப் பற்றியதாகவும் அமைகிறது. தமிழ்க் கிறித்தவ இசைப்பாடல்களைப் பாடநிலையில் மட்டும் பதிப்பித்தும் ஆராய்ந்தும் வரும் போக்கோடு, அவை யாரால், எங்கு, எக்கருவியோடு பாடப்பட்டன, எங்கு மறுக்கப்பட்டன என்னும் கேள்வி வரலாற்றையும் சேர்த்து ஆராய்தல் இத்துறையின் அடுத்த தேவையாகும்.